அறுகங்குடா அலைகளும் நமது மலைக் காற்றும்

வைகாசி மாதம் பிறந்துவிட்டால் பெல்மதுளையிலே குடையின்றி வீதியில் இறங்குவார் இல்லை. மேற்கே கறுத்துத் திரளும் மேகம் இரத்தினபுரியைக் கடந்து வந்து, தேயிலை மலைகளிலும் இறப்பர்க் காடுகளிலும் இரவு பகலாகக் கொட்டுகின்றது. லயக் கூரைகளின் தகரம் ஓயாமல் ஒலிக்கின்றது. களுகங்கை கரை புரளுமோ, மலைச் சரிவு பெயர்ந்து விழுமோ என்னும் அச்சம் ஒவ்வோராண்டும் நம்மைப் பற்றிக்கொள்கின்றது. 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் அந்த அச்சம் மெய்யாகி, இம்மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் விளக்கை அணைத்துவிட்டது.

அதே மாதத்தில், அதே காற்று வீசும் வேளையில், நமது ஊரின் நடுவே செல்லும் நெடுஞ்சாலை கிழக்குக் கரையைத் தொடும் இடத்தில் முற்றிலும் வேறான ஒரு காட்சியைக் காணலாம். அங்கே வானம் தெளிந்திருக்கின்றது. வெயில் காய்கின்றது. நீலக் கடலில், உழுத வயலின் வரப்புகளைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கான அலைகள் வருகின்றன. அவற்றின் மீது ஏறி விளையாடுவதற்கென்றே அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இளைஞர் நீண்ட பலகைகளைச் சுமந்து வந்து இறங்குகின்றனர். அந்த இடமே அறுகங்குடா.

ஒரே காற்று ஓரிடத்தில் மழையாகவும் மற்றோரிடத்தில் விளையாட்டுக்கு உற்ற துணையாகவும் நிற்பது எவ்வாறு? மலைநாட்டு மாணவர்கள் தமது பூகோளப் பாடத்தில் படித்ததைக் கண்ணாரக் காண்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஆதலின் அறுகங்குடாவின் அலைகளைப் பற்றிச் சிறிது விரிவாகக் காண்போம்.

சாலையின் மறுமுனை

கொழும்பிலிருந்து புறப்படும் ஏ4 நெடுஞ்சாலை இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை ஆகிய ஊர்களைக் கடந்து, பெரகலையில் மலையின் விளிம்பைத் தொட்டு, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. பின்னர் புத்தளை, மொனராகலை, சியம்பலாண்டுவ எனக் காட்டையும் வயலையும் ஊடறுத்து, யானைகள் மேயும் லகுகலையைத் தாண்டிப் பொத்துவிலை அடைகின்றது. அங்கிருந்து தெற்கே சில கிலோமீற்றர் தொலைவில், ஒரு களப்பின் வாயிலைப் பாலத்தினால் கடந்தால் அறுகங்குடா. அதனை ஒட்டிய மீனவர் குடியிருப்புக்கு உல்லை என்று பெயர். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அக்கம்பக்கமாக வாழும் பகுதி அது.

ஈரமும் பசுமையும் நிறைந்த நமது பக்கத்திலிருந்து புறப்படுகின்றவர், பலாங்கொடையைத் தாண்டியதும் காற்று மாறுவதை உணர்வார். வெல்லவாயாவில் இறங்கும்போது மழை நின்றுவிடும், புல் காய்ந்திருக்கும். இந்த மாற்றத்திலேதான் நமது கேள்வியின் முதற்பாதிக்கு விடை இருக்கின்றது.

காற்றுக்குத் தமிழர் இட்ட பெயர்கள்

திசைக்கொரு காற்றும் காற்றுக்கொரு பெயரும் வைத்தவர் நம் முன்னோர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். ஈழத்துக் கரையோர மக்கள் தென்மேற்குப் பருவக்காற்றைச் சோளகம் என்றும், மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்றைக் கச்சான் என்றும் வழங்குவர். கடலை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இப்பெயர்கள் வெறும் சொற்களல்ல. வலை இழுப்பதா, வள்ளத்தைக் கரையேற்றுவதா என்பதை முடிவு செய்யும் பஞ்சாங்கம்.

தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைத்தொடரில் மோதுகின்றது. மோதிய காற்று மேலெழுகின்றது. எழுந்த காற்று குளிர்கின்றது. குளிர்ந்த காற்று தன் ஈரத்தை மழையாக உதிர்க்கின்றது. இரத்தினபுரிப் பகுதியில் ஓராண்டில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதற்கு இதுவே தலையாய காரணம். ஈரத்தையெல்லாம் நம்மிடம் இறக்கி வைத்துவிட்டு மலையைக் கடக்கும் காற்று, மறுபக்கச் சரிவில் இறங்கும்போது நூறு மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் வெப்பமடைகின்றது. உலர்ந்து சூடேறிய அந்தக் காற்றே கிழக்கு மாகாணத்தில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான்.

கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. கரையை நோக்கி வரும் அலையை அது முகத்துக்கு நேரே எதிர்கொள்கின்றது. அதனால் அலை அவசரப்பட்டுக் கவிழாமல், தலை நிமிர்ந்து, கண்ணாடிபோல் வழுவழுப்பான முகத்துடன் நெடுநேரம் நிற்கின்றது. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றாயின் அலையின் முதுகைத் தள்ளி நுரையும் குழப்பமுமாகச் சிதைத்துவிடும். ஆகவே நம்மை நனைக்கும் காற்றுத்தான் அறுகங்குடாவின் அலையைச் சீர்ப்படுத்துகின்றது.

அலை பிறக்கும் இடம்

சீர்ப்படுத்துவது ஒரு காற்று. பிறப்பிப்பது வேறொரு காற்று. அறுகங்குடாவின் பெரிய அலைகள் பொத்துவில் கடலில் பிறந்தவையல்ல. அவற்றின் பிறந்தகம் தெற்கே ஏறக்குறைய 6,000 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது.

பூமியின் தென்பாகத்தில் நாற்பதாம், ஐம்பதாம் அகலக்கோடுகளை ஒட்டிய பரப்பில் காற்றைத் தடுத்து நிறுத்தப் பெருநிலம் இல்லை. அங்கே மேலைக் காற்று ஓயாமல் முழங்குவதால், கப்பலோட்டிகள் அப்பகுதியை முழங்கும் நாற்பதுகள் என்றனர். நமக்கு மே முதல் செப்டெம்பர் வரையுள்ள காலம் அங்கே மாரிகாலம். புயலுக்கு மேல் புயலாகக் கிளம்பிச் சமுத்திரத்தைக் கடையும் காலம் அது. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் கூடக்கூட அலை வளர்கின்றது.

புயலில் பிறக்கும்போது அலைகள் சந்தைக் கூட்டம்போலக் குழம்பிக் கிடக்கின்றன. பயணம் செய்யும்போதுதான் அவை ஒழுங்கு பெறுகின்றன. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் நேரத்தை அலைக்காலம் என்பர். ஆழ்கடலில் அலைக்காலம் நீண்ட அலை விரைவாகச் செல்லும். குறுகிய அலை பின்தங்கும். 15 செக்கன் அலைக்காலமுடைய ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 350 மீற்றர். அதன் முகடு மணிக்கு 84 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். எனினும் அலைக்கூட்டம் முழுவதும் தன் சக்தியைச் சுமந்து முன்னேறும் வேகம் அதில் பாதியே. எனவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் வீதம் வந்து, ஆறாம் நாளளவில் நமது தீவை அது எட்டுகின்றது. வருவது நீரன்று என்பதையும் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். நீர்த்துளி தான் நின்ற இடத்திலேயே வட்டமிட்டு அமைகின்றது. பயணம் செய்வது சக்தியே.

இவ்வாறு அலைகள் சமுத்திரங்களைக் கடப்பதை அளந்து காட்டியவர்களுள் முதன்மையானவர் உவால்ற்றர் மங்க் என்னும் விஞ்ஞானி. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் படைகள் கரையிறங்குவதற்கு ஏற்ற நாளை அறியும்பொருட்டு, சுவேட்றப் என்னும் அறிஞருடன் சேர்ந்து அலைகளை முன்னறிந்து கூறும் முறையை அவர் வகுத்தார். பின்பு 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே கருவிகளை நிறுத்தி, தென்துருவப் புயல்களின் அலைகள் வடகோடி வரை செல்வதைத் தமது குழுவினருடன் கண்டறிந்தார். இன்று பலகையுடன் கரையில் நிற்கும் இளைஞன் கைத்தொலைபேசியில் அலையின் உயரத்தையும் காலத்தையும் திசையையும் பார்க்கின்றானே, அந்த அறிவின் வேர் அங்கேதான் இருக்கின்றது.

முனையின் கைவேலை

தெற்கிலிருந்து வரும் அலை கிழக்கு நோக்கிய கரையில் எவ்வாறு வந்து சேரும்? இங்கேதான் அறுகங்குடாவின் நில அமைப்பு துணை செய்கின்றது. குடாவின் தென்புறத்தில் பாறையும் பாரும் கொண்ட முனையொன்று கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறையும். முனையை அடுத்த ஆழமற்ற பகுதியில் அலையின் ஒரு நுனி மந்தமாக, ஆழத்திலுள்ள மறுநுனி விரைந்து செல்ல, அணிவகுத்து வரும் படை மூலையில் திரும்புவதுபோல அலை முழுவதும் வளைந்து குடாவுக்குள் திரும்புகின்றது.

வேகம் குறைந்த அலை உயர்கின்றது. அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும், தலை கனத்து உடைகின்றது. ஒன்றரை மீற்றர் அலை ஏறக்குறைய இரண்டு மீற்றர் ஆழத்தில் உடையும். நேர்கோடான மணற்கரையில் அலை முழுவதும் ஒரே கணத்தில் கவிழ்ந்துவிடும். அதில் ஏறுவதற்கு எதுவும் மிஞ்சாது. அறுகங்குடாவிலோ முனைப்பக்கத்தில் முதலில் உடையத் தொடங்கி, பாயைச் சுருட்டுவதுபோல வரிசையாக உடைந்துகொண்டு போகின்றது. உடையும் இடத்துக்குச் சற்று முன்னே, உடையாத முகத்தில் வழுக்கிக்கொண்டு போவதே அலைச்சறுக்கல் விளையாட்டு. கரையை நோக்கி வருபவன் தனது வலப்பக்கமாகச் செல்வதால், இதனை வலக்கை அலை என்பர். நல்ல நாளில் ஒரே அலையில் சில நூறு மீற்றர் தூரம் செல்ல முடியும்.

மெயின் பொயின்ட் எனப்படும் இந்த முனையைத் தவிர வேறு துறைகளும் உள்ளன. குடாவின் உட்பக்கத்தில் அலை தணிந்து வருமிடம் பேபி பொயின்ட். புதிதாகப் பழகுவோர் அங்கேதான் முதலில் பலகையேறுகின்றனர். வடக்கே விஸ்கி பொயின்டும் பொத்துவில் பொயின்டும் இருக்கின்றன. தெற்கே பாணமை செல்லும் வழியில் யானைப் பாறை, முதலைப் பாறை, பீனட் பாம் என்பன உள்ளன. பீனட் பாம் என்பது நமது தமிழில் கச்சான் தோட்டம். காற்றும் கச்சான், தோட்டமும் கச்சான் என்பது இனிய தற்செயல்!

நாளின் நிலையறிதல்

அனுபவசாலிகள் ஒரு நாளின் கடல்நிலையை எவ்வாறு மதிப்பிடுகின்றனர்? முதலாவது, அலையின் உயரம். இரண்டாவது, அலைக்காலம். ஒரே உயரமுடைய இரண்டு அலைகளில் 8 செக்கன் அலை அருகே வீசிய காற்றின் பிள்ளை, வலுக்குறைந்தது, ஒழுங்கற்றது. 14 அல்லது 15 செக்கன் அலை தூரதேசத்து விருந்தாளி. கரையருகே எதிர்பாராத அளவு உயர்ந்தெழும். மூன்றாவது, அலை வரும் திசை. தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும் அலையே குடாவுக்குள் நன்றாக வளைந்து நுழையும். நான்காவது, காற்று. விடியற்காலையில் காற்று அடங்கியோ தரையிலிருந்து மெல்ல வீசியோ இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று கிளம்பி அலையைக் குலைக்கும். ஆகையால் சூரியோதயமே சிறந்த வேளை. ஐந்தாவது, வற்றும் பெருக்கும். இலங்கைக் கரைகளில் அவ்வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆயினும் பாரின்மேல் நீர் மெலிந்திருக்கும் வேளையில் விழுபவனின் காலையும் முதுகையும் பாறை பதம் பார்த்துவிடும்.

ஏப்பிரல் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை இந்தப் பருவம் நீடிக்கின்றது. ஐப்பசியில் வாடைக்காற்று தலையெடுத்ததும் கதை தலைகீழாகின்றது. காற்று கடலிலிருந்து கிழக்குக் கரையில் மோத, மழை அங்கே கொட்டுகின்றது. மேற்கு, தெற்குக் கரைகள் தெளிகின்றன. பலகைக்காரர் ஹிக்கடுவைக்கும் வெலிகமைக்கும் மிதிகமைக்கும் பெயர்ந்துவிடுகின்றனர். மழையும் அலையும் தீவின் இரு புறங்களிலும் இவ்வாறு மாறி மாறி முறை வைத்துக்கொள்கின்றன.

அரசர் விளையாட்டிலிருந்து உல்லைப் பிள்ளைகள் வரை

இவ்விளையாட்டின் தாயகம் பசிபிக் தீவுகள். ஹவாயில் அரசரும் குடிகளும் ஆண்களும் பெண்களும் அலையேறினர். கப்டன் குக்கின் கப்பலில் சென்ற ஜேம்ஸ் கிங் 1779இல் அதனைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். ஹவாயைச் சேர்ந்த டியூக் கஹானமொக்கு 1912இல் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்று, சென்ற நாடுகளிலெல்லாம் அலைச்சறுக்கலையும் பரப்பினார். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது.

நம்மவருக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலம் முதலிய மொழிகளுக்குச் சென்று வழங்குகின்றது. உடையும் அலையின் மீது மரத்தைச் செலுத்திக் கரைசேரும் வித்தையைச் சோழமண்டலக் கரையின் மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று அலைச்சறுக்கலில் தேர்ந்து விளங்குகின்றனர். 2025 ஓகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கல் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தேறியது.

அறுகங்குடாவுக்கு வெளிநாட்டு இளைஞர் 1970களில் வரத் தொடங்கினர். போர்க்காலம் அந்த வரவைப் பலமுறை தடுத்தது. 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையோ ஊரையே துடைத்துச் சென்றது. சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கிய ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அது கிழக்குக் கரையை அடைந்தது. காற்றில் பிறந்த அலை சில செக்கன்களில் வந்து மடங்கிவிடும். ஆழிப்பேரலையோ பல நிமிடங்கள் ஓயாமல் ஏறிக்கொண்டேயிருக்கும். நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர்.

துயரத்தின் பின் வேறொரு சோதனையும் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசாங்கம் அறிவித்தது. விடுதிகளுக்கு மாத்திரம் சலுகை காட்டப்படுவதைக் கண்ட உல்லை மீனவர், கரை யாருக்கு உரியது என்று கேட்டுப் போராடினர். அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆயினும் அக்கேள்வி இன்னும் உயிருடன் இருக்கின்றது. அலை காண வருவோரால் ஊருக்கு ஊதியம் உண்டு. அந்த ஊதியம் வலை இழுப்பவன் வள்ளம் நிறுத்தும் இடத்தை விழுங்கிவிடலாகாது.

2019 செப்டெம்பரில், அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளால் நாடு கலங்கியிருந்த வேளையில், உலக அலைச்சறுக்கல் சங்கத்தின் போட்டியொன்று மெயின் பொயின்டில் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டில், ஆரவாரமின்றி, அதனிலும் பெரிய காரியமொன்று நிகழ்ந்தது. இலங்கையின் முதலாவது மகளிர் அலைச்சறுக்கல் கழகம் 2018இல் அறுகங்குடாவில் அமைந்தது. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஷமாலி சஞ்சயா அவ்வூர்ப் பெண்மணி. பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை, வெயிலில் கறுத்துப்போவாளே என்ற பேச்சுகளுக்கிடையே, இல்லத்தரசிகளும் தாய்மாரும் பலகையேறக் கற்றனர். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரைப் பார்த்து, பெண்ணுக்கு மலையில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. உழைக்கும்போது எழாத கேள்வி விளையாடும்போது மாத்திரம் எழுவது நியாயமாகுமா?

உகந்தைக்குச் செல்வோர் கவனத்துக்கு

அறுகங்குடாவுக்குத் தெற்கே, பாணமைக்கு அப்பால், காட்டின் வாயிலில் உகந்தை முருகன் கோயில் உள்ளது. முருகப் பெருமான் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என அடியார் கூறுவர். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரிகர் பொத்துவில் வழியாக நடந்து, உகந்தையில் தங்கிக் குமணக் காட்டுக்குள் இறங்குகின்றனர். கோயிலை அடுத்த கடலும் அலைச்சறுக்குவோர் நாடும் துறையே. யாத்திரையும் பெரிய அலைகளின் காலமும் ஒன்றாகவே வருகின்றன. மலைநாட்டிலிருந்து செல்லும் குடும்பங்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். அடியாருக்குத் தீர்த்தமாகத் தோன்றும் அதே நீர், தென்சமுத்திரப் புயலின் வலிமையைச் சுமந்து நிற்கின்றது.

பாடசாலைச் சுற்றுலா செல்லும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் ஏதேனுமொரு வழியாகத் திரும்பியாக வேண்டும். அது ஒடுங்கிய ஓடையாகக் கடலை நோக்கி விரைந்து பாயும். இரு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவே அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தோன்றும் இடமே பெரும்பாலும் அந்த இழுவை ஓடும் இடம். அறியாதவர் அமைதியான இடமென எண்ணி அங்கேயே இறங்குகின்றனர். இழுவையில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே நீந்தினால் களைத்து மூழ்குவர். பதறாது மிதந்து, கையை உயர்த்திக் காட்டி, கரைக்குச் சமாந்தரமாக ஒரு பக்கமாக நீந்தினால் சிறிது தூரத்தில் இழுவை விட்டுவிடும். நீந்தத் தெரியாதவர் முழங்காலளவு நீருக்கு அப்பால் செல்லலாகாது. சில நிமிடம் அமைதியாயிருக்கும் கடலில் திடீரெனப் பெரிய அலைகள் வரிசையாக வருவது இயல்பு; ஆகையால் இறங்குமுன் கால்மணி நேரமாவது நின்று கடலைக் கவனியுங்கள்; ஊர் மீனவரைக் கேளுங்கள். அம்பாந்தோட்டை முதல் பொத்துவில் வரையான கடற்பரப்பைப் பற்றி வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் வரும்போது, அது மீனவருக்கு மாத்திரம் உரியதென்று காதை மூடிக்கொள்ளாதீர்கள்.

நமது தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுள் பலர் கடலை முதன்முதலாகக் காண்பது யாத்திரையிலோ சுற்றுலாவிலோதான். அவர்களை அச்சத்தினால் கரையிலேயே கட்டிவைப்பது ஒரு வழி. துணிச்சல் என்று சொல்லி அறியாமையோடு அனுப்பிவிடுவது மற்றொரு வழி. இரண்டும் நல்ல வழிகளல்ல. நீந்தக் கற்பிப்பதும், காற்றையும் அலையையும் இழுவையையும் வாசிக்கக் கற்பிப்பதுமே உகந்த வழி. மலையில் வாழ்பவன் மண்சரிவின் அறிகுறியை அறிந்திருப்பதுபோலக் கரைக்குச் செல்பவன் கடலின் அறிகுறியை அறிந்திருக்க வேண்டும். காற்றைச் சினந்து பயனில்லை. அதன் குணத்தை அறிந்தவனுக்கு அது வழிவிடும். வாடையென்றும் கொண்டலென்றும் கச்சானென்றும் பெயரிட்டு அதனை அறிந்து வைத்த இனத்தின் பிள்ளைகள், அந்த அறிவை இழந்துவிடலாகாது.